மப்பு நாளில் ஒரு கூறைச்சேலை

என் மகள் பரீதா வெள்ளைத் தோலும் வெள்ளை முடியுமாகப் பிறந்தவள். கொஞ்சம் வெயில் பட்டாலும் அவளுடைய தோல் வெந்துபோகும். மாரி வந்தால்தான் எனக்கு நிம்மதி. வானம் மப்பாக இருந்தால் அவளை வளவுத் தென்னைகளின் கீழே தாராளமாக விளையாட விடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாரியில் அடித்த சூறாவளி, கல்முனையில் எங்கள் கூரையையும் வளவில் நின்ற தென்னைகளையும் கொண்டுபோனது. உயிர் தப்பியதே பெரிதென்று வெறும் வளவில் இருந்தோம். சூரியனைக் காணவே இல்லை. ஆனாலும் மறுநாள் பரீதாவின் முகமும் தோளும் சிவந்து கொப்புளம் போட்டன. முந்தானையால் அவளை மூடிக்கொண்டு அழுதேன்.

அந்த வழியால் போன ஒரு பெண் நின்று பார்த்தார். மீன்பிடிக்கிற தமிழ்க் குடும்பம். வீடும் வள்ளமும் போய், கையில் ஒரு றங்குப்பெட்டிதான் மிச்சம். அதைத் திறந்து சிவப்புப் பட்டுச்சேலை ஒன்றை எடுத்து, முறிந்து நின்ற தென்னங்குற்றிகளில் இழுத்துக் கட்டினார்.

"அக்கா, இது உங்கட கூறைச்சேலையெல்லுவா?"

"ஓம் தங்கச்சி, கலியாணத்துக்குக் கட்டினதுதான். முதல்ல புள்ளைய உள்ளுக்க எடுங்க."

கூரை போடும்வரை பரீதா அதன் கீழேயே இருந்தாள். கொப்புளங்கள் ஆறின. பிறகு சேலையை மடித்துக்கொண்டு, அவர் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விரித்தபோது சிவப்பு முழுவதும் வெளிறிக் கிடந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் சேலையைத் தடவிப் பார்த்தார். "மப்புக்குள்ளால வந்த வெயில் இவ்வளவும் புள்ளைட மேல்ல விழுந்திருந்தா என்ன செய்யிற?" என்றார்.

இன்றும் மப்பு நாளில் மகள் நீளக்கைச் சட்டையோடு வெளியே இறங்கும்போது, அவருக்காக ஒரு துஆ தானாகவே வாயில் வருகிறது.