வெள்ளைச் சட்டையும் பகல் வௌவால்களும்

ஈர விரிப்பைக் கொடியில் போடும்போது அவர் கண் கொடியில் இருப்பதில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார். வாயில் இரண்டு கிளிப்புகள். "மூணாவது கிளை. மாமியார் முழிச்சாச்சு" என்று பல்லிடுக்கில் சொல்கிறார்.

எங்கள் முதியோர் இல்லத்தின் சலவைக்காரர். வயது அறுபதை ஒட்டியிருக்கும். நாற்பது படுக்கைகளின் துணியும் இவர் கையில்தான் வெளுக்கிறது. வெயில் விழுவது பின்முற்றத்தில் மட்டும். அங்கேதான் அந்த மரமும் நிற்கிறது, மரம் கொள்ளாத வௌவால்களோடு.

வௌவால் பகலெல்லாம் தூங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "எங்கக்கா தூங்குது? விடிஞ்சதுலேர்ந்து ஒரே குடும்பச் சண்டை!" என்றார். நின்று பார்த்தேன். ஒன்று இறக்கையால் விசிறிக்கொள்கிறது; ஒன்று தன்னை நக்கித் துடைக்கிறது; வேறு இரண்டு, தொங்கும் இடத்துக்காக அடித்துக்கொள்கின்றன. அதில் பெரிதாக இருப்பதுதான் மாமியார். வெயில் ஏற ஏற எல்லாம் நிழல் பக்கம் நகரும். இவரும் கொடியை அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டுவார்.

அவர் கண்டுபிடித்த பெரிய சங்கதி வேறு. தலைகீழாகத் தொங்குகிற வௌவால், ஒதுங்க வேண்டுமென்றால் மட்டும் கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பிடித்து நிமிர்ந்துகொள்ளும். எச்சம் தன் மேலேயே பட்டுவிடக் கூடாதே! "நம்ம ஆளுங்கள்ல நாலு பேருக்கு இந்தப் புத்தி இருந்தா உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்க்கா." முப்பது வருடம் படுக்கை மாற்றியவள் நான், சிரிக்காமல் என்ன செய்வது? மேலே ஒன்று நிமிர்ந்தால், மூன்று எண்ணுவதற்குள் துணியை இழுத்துவிடுவார்.

வேலைக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவார். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். "வெளுக்கிறவன் சட்டையே அழுக்கா இருந்தா எவன் நம்புவான்?" ஒரு சொட்டு டீ சிந்தினாலும் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துதான் மறு வேலை.

இவ்வளவு உஷாராக இருந்தும் போன மாதம் இரண்டு விரிப்புகளில் கறை. மேலாளர் அம்மாள் கறாரானவர். "இன்னும் ஒரு கறை என் கண்ணுல பட்டுச்சு, மரத்த வெட்டச் சொல்லிடுவேன்" என்றார்.

"வெட்டட்டும்க்கா, எனக்குக் கழுத்து வலியாவது போகும்" என்றார் இவர் என்னிடம். அன்று கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனார்.

நேற்று மேலாளர் சோதனைக்கு வந்தார். நடுக்கொடி விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மேலே மூன்றாவது கிளையில் மாமியார் நகத்தைக் கொளுவி மெதுவாக நிமிர்ந்தது. நான் பார்த்தேன், சலவைக்காரரும் பார்த்துவிட்டார். விரிப்பை இழுக்க வழியில்லை.

"மேடம், இந்தத் தையலக் கொஞ்சம் பாருங்க" என்று ஓரடி முன்னால் வந்தவர், விரிப்புக்கு மேலாக நன்றாகக் குனிந்து, வெள்ளைச் சட்டை முதுகை அகலமாக மரத்துக்குக் காட்டினார்.