விமானம் பார்க்கிற வேலை

எங்கள் ஓசோன் ஆய்வு நிலையத்தில் விமானம் பார்க்கிற அம்மாளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். இருட்டியதும் கீழே நாங்கள் லேசரை வானத்துக்கு விடுவோம். இரண்டு விதமான ஒளி. ஒன்றை ஓசோன் விழுங்கும், மற்றதைத் தொடாது. திரும்பி வருகிற துளி வெளிச்சத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மேலே ஓசோன் எவ்வளவு என்று கணக்கிடுவோம். மணிக்கணக்காகச் சேர்த்தால்தான் ஏதாவது தேறும். கழுகுக்கு மொட்டை மாடியில் ஒரு நாற்காலி, கையில் ஒரு பொத்தான். விமானம் வந்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும், லேசர் நிற்கும், விட்டால் ஓடும். விமானியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

“நட்சத்திரம் எண்ணுறதுக்கு யாருங்க சம்பளம் தர்றாங்க?” என்று சீண்டுவேன்.

“வயித்தெரிச்சல் படாதீங்க தம்பி” என்பார்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவருக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு நாதியில்லை.

இந்த வருடம் எங்கள் பதிவில் ஓட்டை விழ ஆரம்பித்தது. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், லேசரோ நின்று நின்று ஓடும். மேலே போய்க் கேட்டால் “விமானம்” என்பார். அவர் காட்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் தேமே என்று மின்னிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மாலை எங்கள் தலைவி அவரைக் கூப்பிட்டார். “இன்னைக்கு செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேல போகுது. அது எடுக்குற ஓசோன் அளவையும் நம்ம அளவையும் ஒப்பிடணும். இன்னைக்கும் கெடுத்தீங்கன்னா வேற ஆள்தான் பார்க்கணும்.”

“வேலைய மட்டும் எடுத்துடாதீங்கம்மா. அவருக்கு என்னை விட்டா யாருமில்ல.” இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று லேசர் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. கழுகு திருந்திவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் விமானச் சத்தம் கேட்டது. சத்தம் நெருங்குகிறது, லேசர் நிற்கவில்லை. நான் எழுந்து ஓடுவதற்குள் நின்றது. விமானம் விலகிப் போய், சத்தமும் அடங்கியது. லேசர் மட்டும் திரும்ப ஓடவில்லை.

மாடிக்கு ஓடினேன். விமானத்தின் சிவப்பு விளக்கு மேற்கே சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சா தம்பி?”

“எப்பவோ போயிடுச்சு. கைய எடுங்க.”

“எல்லா வெளிச்சமும் ஒண்ணாக் கலங்கித் தெரியுது. நிறுத்துனா என் பொழப்பு போகுது, நிறுத்தலேன்னா யாரோ பெத்த புள்ளையோட கண்ணு போகுது. நான் என்ன செய்யட்டும்?”

விரலை எடுக்காமலே பொத்தானை என்னிடம் நீட்டினார். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நீட்டினார்.