சிவப்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது

போன வாரம் கம்பம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை. அங்கே வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மகள் செல்வி அக்கா போனில் அழுதாள். "தோட்டத்து மோட்டார் கருகிப் போச்சுடி. உங்க மாமா எங்கூடப் பேசியே ஒரு மாசமாச்சு. போன்ல பட்டன் எங்க வைக்கணும்னு பாக்குற வேலைதான உனக்கு? வந்து பாத்துட்டு, தப்பு எம்மேலயான்னு சொல்லு." செயலிகளின் திரையை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்குப் பஸ். தேனி வரை எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து கம்பம் இன்னொரு நாற்பது. உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. மேற்கே மலையை மேகம் மூடிக் கிடந்தது, சொட்டு மழை இல்லை. "மேகமெல்லாம் கேரளாக்காரவுகளுக்கு. நமக்கு நெழலு மட்டுந்தேன்" என்றார் கண்டக்டர். கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

பந்தலில் திராட்சைக் குலைகள் சுண்டிப்போய்த் தொங்கின. மோட்டார் கருகிய அன்று மாமா போடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டர் அவர்களுடையது. ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவளும் அடிக்கடி பார்த்திருக்கிறாள். திரையில் சிவப்பு வட்டம் எரிந்தது. சரி, ஓடுகிறது என்று அடுப்பு வேலையைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சிவப்புக்கு அர்த்தம், போர்வெல்லில் தண்ணீர் இல்லை, உடனே நிறுத்து என்பது. மோட்டாரை மேலே தூக்கிச் சரிசெய்து இறக்குவதற்குள் காய் போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்தப் பக்கம் மோட்டார் ரூம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் ஓடும் என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் நிம்மதியாகியிருக்கிறாள். செயலி செய்த புண்ணியவான்கள் சிவப்பென்றால் ஊருக்கெல்லாம் ஆபத்துதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விளக்கத்தைக் கீழே பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். மனிதர்கள் திரையைப் படிப்பதில்லை. பழகியதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

எங்கள் வேலையில் ஆளிடம் அபிப்பிராயம் கேட்க மாட்டோம், கையில் கொடுத்துவிட்டுக் கவனிப்போம். அதே திரையை என் போனில் வரைந்து வைத்துக்கொண்டேன். சாயங்காலம் மாமா வந்து செருப்பைக் கழற்றும்போது நீட்டினேன். "வேற ஒரு தோட்டத்து மோட்டார் மாமா. ஓடுதா பாருங்க."

"செவப்பு எரியுதுல்ல, ஓடுதுத்தா" என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் செத்துப்போனது. கருகிய மோட்டாரைப் பார்த்த மெக்கானிக் சிவப்புக்கு அர்த்தம் சொல்லியிருந்தும், அவருக்கும் பழக்கம்தான் முந்திக்கொண்டது. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "இத அவகிட்டச் சொல்லிராதத்தா" என்றார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று. சும்மா தொங்குகிறதே என்று பந்தலுக்குள் புகுந்து படம் எடுக்காதீர்கள், தோட்டக்காரரிடம் கேளுங்கள். போனில் மோட்டார் ஓட்டுகிறவர்கள், எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை திரும்பும்போது தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

"தெரியும்டி. கதவுக்கு அங்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "அவுகளா வந்து சொல்லுவாகன்னு ராத்திரியெல்லாம் முழிச்சே கெடந்தேன்."

சொன்னாரா என்று கேட்டேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.