சாயம் போகாது என்று எழுதியவன்

எதிர்க்கடைக்குக் கிராமபோன் வந்த வாரம் முழுவதும் என்னால் எங்கள் கடையில் உட்கார முடியவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் இருப்பேன். எழுந்து வாசலுக்கு வருவேன். மடித்து அடுக்கியிருந்த கைலிகளை உதறி மறுபடி மடிப்பேன். தெருவுக்கு அந்தப் பக்கம் நாடகப் பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை பினாங்கில் எல்லாத் தெருவிலும் உண்டு. எங்கள் பக்க நடைபாதை காலியாகக் கிடக்கும். அந்தப் பக்கம் ஆள் நகர இடம் இருக்காது. பாட்டுக் கேட்க நின்றவர்களுக்கு ஐஸ் போட்ட ரோஸ் சர்பத் வேறு கொடுத்தார்கள். குடித்த கையோடு உள்ளே போய்த் துணி பார்த்தார்கள்.

எங்கள் கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நானும் என் மனைவியின் அண்ணனும் கூட்டாக நடத்தினோம். மச்சான் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் நண்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழுவார். பினாங்கு வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பார்.

"ஏன் மாப்பிளே கூண்டுல போட்ட கோழி மாதிரி சுத்துறீங்க? பாட்டு ஒரு மாசம் புதுசா இருக்கும். அப்புறம் நம்ம சனம் நம்மகிட்ட வந்துரும் லா."

"வராட்டி?"

"வரும்."

அவருடைய அந்த நிதானம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக எரிச்சலைத் தந்தது.

ஒரு காலையில் அவரிடம் சொல்லாமல் அச்சுக்கூடத்துக்குப் போனேன். கடைப்பெயர், வந்திறங்கிய சரக்கு, இடம் எல்லாம் போட்டு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். படம் வேண்டும் என்றேன். அச்சுக்கூடத்தில் இருந்த படக்கட்டைகள் மூன்றே மூன்று: ஒரு கப்பல், ஒரு சர்க்கஸ் குதிரை, கூந்தல் தைலத்துக்காகச் செய்த ஒரு பெண்ணின் தலை. பெண்ணின் தலையைப் போடச் சொன்னேன். அச்சுக் கோப்பவர் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, "கீழ ரெண்டு வரிக்கு எடம் இருக்கு பாய். வெறுமனே விட்டா பல்லு விழுந்த மாதிரி இருக்கும். எதாச்சும் சொல்லுங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். 'எங்கள் புடவைகளில் சாயம் போகாது. போனால் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கிச் செல்லலாம்.' அவர் எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். சரியாக இரண்டு வரி வந்தது.

ஊருக்குள் நோட்டீஸ் கொடுத்தால் எதிர்க்கடைக்காரரும் மறுநாளே அடித்துவிடுவார். அதனால் தோட்டங்களுக்குப் போவது என்று முடிவு செய்தேன். சம்பள நாள் பார்த்து, ஒரு கட்டுப் புடவையோடு ஃபெரியில் கடல் தாண்டி அக்கரையில் இருக்கும் பிறைக்குப் போய், ரயில் ஏறி நிபோங் திபாலில் இறங்கினேன். அங்கிருந்து மாட்டு வண்டியில் ஒரு ரப்பர் தோட்டம். ஆபீஸ் பக்கத்து மரத்தடியில் வளையல்காரரும் முறுக்கு விற்பவரும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். சம்பளம் வாங்கி வருகிறவர்களுக்கெல்லாம் நோட்டீஸை நீட்டினேன். வாங்கினார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் அப்போதே அதில் புகையிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

கையில் நோட்டீஸ் கட்டோடு அப்படியே நிற்க முடியவில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி, உரக்கப் படித்தேன். கூட்டம் கூடியது. முன்வரிசையில் உயரமான ஒரு பெண் நின்றாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, அந்தக் கடைசியில சொன்னீங்களே, அத இன்னொரு தரம் படிங்க" என்றாள்.

படித்தேன்.

"இன்னொரு தரம்."

மூன்றாவது முறையும் படித்தேன். அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள். பிறகு மஞ்சள் கரை போட்ட சிவப்புப் புடவை ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். மாலைக்குள் கட்டு காலி. திரும்பும்போது ஃபெரியில் காலை வீசிப் போட்டுக்கொண்டு நடந்தேன். மச்சானிடம் சொன்னபோது அவர்கூட அந்த நோட்டீஸை வாங்கிப் படித்துப் பார்த்தார். கடைசி இரண்டு வரியில் அவர் கண் சற்று நின்றதைப் பார்த்தேன். 

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனைத் தேநீர்க் கடையில் தே குடித்துக்கொண்டிருந்தேன். படகுத்துறைப் பக்கமிருந்து பதினோரு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு மூட்டை. முன்னால் அந்த உயரமான பெண். யாரோ ஒருவரிடம் வழி கேட்டாள். அவர் எங்கள் கடையைக் காட்டினார்.

நான் தே கோப்பையை வைத்துவிட்டுக் கடைக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பள்ளிவாசலைச் சுற்றினேன். சூலியா தெருவில் ஏதோ வேலை இருப்பவன்போல் வேகமாகப் போனேன். ஒரு பாத்திரக் கடையில் நுழைந்து எதையும் பார்க்காமல் வெளியே வந்தேன். அந்தப் பெட்டியின் மேல் நின்று படித்த என் குரலே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு தெளிவாகப் படித்திருந்தேன்! இரண்டாவது சுற்று பாதியில் நின்றேன். மச்சானை அவர்களிடம் தனியாக விட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடினேன்.

கடை வாசலில் புடவைகள் விரிந்து கிடந்தன. சிவப்பு வெளுத்திருந்தது, மஞ்சள் கரை அசட்டு ஆரஞ்சாகியிருந்தது. எதிர்க்கடையில் பாட்டுக் கேட்க நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"எம் புருசன் வேட்டி, எம் புள்ள சட்டை, சேத்து ஊறப்போட்டது அத்தனையும் ரோசு ஆயிருச்சு" என்றாள் ஒருத்தி. "தீமிதிக்குப் போன மனுசனப் பாத்துத் தோட்டமே சிரிக்குது."

மச்சான் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். "அது நோட்டீஸ்ல போடுறது லா. எல்லாக் கடையும் போடுறதுதான். அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கக் கூடாது."

"நோட்டீஸு எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள் உயரமான பெண். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். "அந்தா நிக்கிறாரே, அவரு வாயால சொன்னாரு. நான் மூணு தரம் கேட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானும் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "மாத்திக் குடுத்துருவோம் மச்சான்."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் அலமாரியிலிருந்து அதே சிவப்புப் புடவைகளை எடுத்து வைத்தேன். அவள் தொட்டுப் பார்த்தாள். "இதுவும் போவும்" என்றாள். "திரும்ப வர ஃபெரிக்கும் ரயிலுக்கும் காசுக்கு நாங்க எங்கண்ணே போறது? ஒரு பேசின்ல தண்ணி குடுங்க. சவுக்காரம் இருந்தா அதுவும்."

கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு புடவையின் முனையை நனைத்தாள், சோப்புக் கட்டியைத் தேய்த்தாள், கசக்கினாள். தண்ணீர் சிவந்தது. ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் கேட்டாள். நான் ஓடி ஓடிக் கொண்டுவந்தேன். பச்சையைக் கொடுத்தேன், தண்ணீர் பச்சையானது. ஊதா போனது. அரக்கு போனது. ஒவ்வொன்றுக்கும் கூட்டத்திலிருந்து ஒரு 'ஹோ' எழும்பியது. மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ, எத்தனைதான் போகும் என்று கடைசிவரை பார்த்துவிட வேண்டும்போல் ஒரு வெறி வந்துவிட்டது. மேல் அலமாரியில் இருந்ததையும் இழுத்துப் போட்டேன்.

கருநீலம் போகவில்லை. எவ்வளவு கசக்கியும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மண்ணிறக் கட்டம் போட்டதும் நின்றது. ஒரு கறுப்புக் கரைப் புடவையும் நின்றது.

"இது நிக்கும்" என்றாள். பதினோரு பேரும் அந்த மூன்று ரகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது, "முன்னாடியே இதக் கொண்டாந்திருக்கலாமே? மரத்துப் பால் தெறிச்சாலும் இதுல கறை தெரியாது" என்றாள். எதைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு, கூட்டத்தில் நின்ற ஒரு மலாய்க்கார அம்மா உள்ளே வந்து, ஒரு சாரோங்கைக் காட்டி, இதையும் நனைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நனைத்தோம். நின்றது. வாங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் நின்றார்கள். பேசினை உள்ளே எடுத்து வைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மறுநாளும் அது வாசலிலேயே இருந்தது. சாயம் போகும் சரக்கைத் தனியாகப் போட்டு, 'போகும்' என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்றோம். அதையும் வாங்க ஆள் இருந்தார்கள், திருவிழாவுக்கு ஒரு நாள் கட்டினால் போதும் என்று. மொத்த வியாபாரியின் ஆள் மாதிரித் துணியோடு வந்தபோது, மச்சான் அதை வாங்கித் தண்ணீரில் போட்டார். அந்த ஆளின் முகம் போன போக்கைச் சொல்லி வீட்டில் எல்லாரும் சிரித்தோம்.

ஆனால் எனக்கு அந்த நிம்மதி நிலைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் எதிர்க்கடை வாசலில் பூப்போட்ட பீங்கான் பேசின் ஒன்று வந்துவிட்டது, பக்கத்தில் கை துடைக்கத் துண்டோடு. நான் மறுபடி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் பார்த்த மச்சான் மூன்றாம் நாள் கல்லாப்பெட்டிச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

"மாப்பிளே, நீங்க ஒரு எடத்துல உக்கார மாட்டீங்க. கடைய நான் பாத்துக்கிறேன். மாசாமாசம் தோட்டத்துக்கு நீங்க போங்க. விக்கிறது அப்புறம். என்ன வேணும்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க."

அவர் என்னைக் கண்டிக்கிறாரா, எனக்கு வேலை தருகிறாரா என்று அப்போது புரியவில்லை. அடுத்த சம்பள நாளில் கருநீலக் கட்டோடு போனேன். அந்த உயரமான பெண் தூரத்திலிருந்தே மற்றவர்களைக் கூப்பிட்டாள். புடவைகள் போன பிறகு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கைக்குழந்தைக்கு மெல்லிய துணி. முழங்கை வரை மூடும் ரவிக்கை, கொசுக்கடிக்கு. மழை நாளில் சீக்கிரம் காய்கிற ஏதாவது ஒன்று.

"எனக்குக் கெட்டி நூலும் பெரிய ஊசியும்" என்றாள் அவள். "இங்க விக்கிற நூலு சும்மா இழுத்தாலே அந்து போவுது. அறுபடாத நூலு பினாங்குல கெடைக்குமா அண்ணே?"

கிடைக்கும் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. "தேடிப் பாக்குறேன்" என்றேன்.

அன்று மாலை ஃபெரியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. திறந்திருந்த தையல் சாமான் கடைகளில் ஏறி இறங்கி, கடைக்காரர்கள் முறைக்க முறைக்க, ஒவ்வொரு நூலையும் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.