வரைபடத்தில் பச்சையான அரை ஏக்கர்

காலை ஆறரை மணி. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதி வாசலில் கார் வந்து நின்றபோதே எனக்குக் குழப்பம்தான். நான் தயாரித்த வரைபடத்தில், ஹொஸ்கோட்டேக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அகலமான ஏரி ஒன்று இருக்கிறது. வேறு எவர் போட்ட வரைபடத்திலும் அந்த ஏரி இல்லை. நேரில் போய்ப் பாருங்கள் என்று மேலாளர் மஞ்சுநாத் அனுப்பிவிட்டார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் தென்பெண்ணைக்கு இங்கே தட்சிண பினாகினி என்று பெயர். அந்த ஆற்றுக்கு மழைநீர் ஓடிவரும் நிலங்களில் எங்கே மண் அரித்துப் போகும் என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணிக்க வேண்டும். மழை, மண், சரிவு, மேலே வளர்ந்திருக்கும் பயிர் எல்லாம் கணினிக்குள் போகும். மண் அதிகம் போகிற இடம் சிவப்பாக வரும், போகாத இடம் பச்சையாக வரும். சிவப்பு நிலங்களுக்கு மழைக்காலத்துக்கு முன் அரசுச் செலவில் கல்வரப்பு கட்டுவார்கள். பச்சைக்கு ஒன்றும் கிடையாது. வரும் திங்கட்கிழமை அரசுக்குப் பட்டியல் போகிறது.

காரோட்டி அந்தோணி அண்ணன் ஜீவனஹள்ளிக்காரர். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றபோது விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மண்ணு எங்க போவுதுன்னு பாக்க இவ்ளோ தூரமா சார்? மழை பேஞ்சா எங்க தெருவுக்கு வாங்க. மொத்தமும் எங்க வீட்டு ஹாலுக்குத்தான் வரும்.”

ஒன்பது மணிக்கு ஹொஸ்கோட்டே. இட்லி வடை அறுபது ரூபாய், காபி இருபது. அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை.

பத்து மணிக்கு, கைபேசியில் ஏற்றியிருந்த என் வரைபடத்தில் நீலப் புள்ளி ஏரியின் நட்டநடுவில் நின்றது. நாங்கள் நின்றதோ புழுதி பறக்கும் தார்ச்சாலையில். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அந்தோணி அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். “சார், இது தண்ணின்னா முன்னாடியே சொல்லிடுங்க. எனக்கு நீச்சல் தெரியாது.”

சாலையின் இரண்டு பக்கமும் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. கூரைகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அட, இதுதானா! வானத்திலிருந்து பார்த்த என் கணினி, இந்தப் பளபளப்பைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. குழப்பம் தீர்ந்ததென்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

“வீட்டுமனை லேஅவுட்டுக்கு அளக்க வந்தீங்களா?” என்று சாலைக்குக் கீழேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கன்னடம் கலந்த தமிழில் அதட்டியது. கையில் அரிவாளோடு நாற்பது வயதுப் பெண்மணி, பெயர் முனிரத்னம்மா. மண்ணைப் பார்க்க வந்தோம் என்றதும் குரல் இறங்கிவிட்டது. “மண்ணா? அப்ப ஸ்வல்ப, கொஞ்சம் இங்க வந்து பாருங்க சார்.”

அவருடைய அரை ஏக்கரில் மாட்டுக்கான சீமைப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதன் நடுவே, நெஞ்சாழத்துக்கு ஒரு பள்ளம். அத்தனை கொட்டகைக் கூரைத் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து இவர் நிலத்தில் வந்து கொட்டுகிறது. “ஒவ்வொரு மழைக்கும் ஒரு பிடி நிலம் கம்மியாவுது சார். ஒரு கல்லுவரப்பு வந்தா பொழைச்சுக்குவோம்” என்றார்.

காரின் முன்மூடிமேல் மடிக்கணினியைத் திறந்து, ஏரியை அழித்துக் கொட்டகை என்று போட்டேன். அவர் நிலம் பச்சையாகவே இருந்தது. சரிவை மாற்றினேன், மண்ணை மாற்றினேன். அப்போதும் பச்சைதான். இது என்ன கூத்து! கண்ணெதிரே பள்ளம் வாயைப் பிளந்து கிடக்கிறது, கணக்கோ மண் பத்திரம் என்கிறது. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. தன்மேல் விழும் மழையால் ஒரு நிலம் எவ்வளவு மண்ணை இழக்கும் என்பதுதான் எங்கள் சூத்திரம். பக்கத்துக் கூரையிலிருந்து வந்து விழும் தண்ணீரை எழுத அதில் இடமே இல்லை.

மஞ்சுநாத்தைப் போனில் கூப்பிட்டேன். “ஃபார்முலாவுல இல்லாதத எப்படிங்க சேக்கறது? கையால கலர் அடிச்சா நாளைக்கு ஊரே க்யூல நிக்கும். போட்டோ அனுப்புங்க, பாக்கலாம்” என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

“என் நிலம் என்ன கலரு சார்?” என்று கேட்டார் முனிரத்னம்மா.

“பச்சை, அக்கா.”

முகம் மலர்ந்துவிட்டது. “பச்சைன்னா நல்லதுதானே?”

பச்சைக்கு வரப்பு வராது என்று சொல்லவேண்டியிருந்தது. அவர் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப செவப்பாவணும்னா என்ன பண்ணணும்?”

நான் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவனைப்போல் பதில் சொன்னேன். “இந்தப் புல்லு தரையை நல்லா மூடியிருக்குக்கா. அதனாலதான் பச்சை. வெறும் தரையா இருந்தா செவப்பு வந்திருக்கும்.”

“ஓ” என்றார். என் எண்ணை வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் ஓடவில்லை. எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், இதே ஆற்றின் கரை. செந்நிறத்தில் வெள்ளம் வந்தால் புதுத்தண்ணி வந்திருக்கிறது என்று ஊரே வேடிக்கை பார்க்க ஓடும். எத்தனை முறை குதித்திருப்பேன் அதில்! அந்தச் சிவப்பு யாருடைய நிலத்து மண் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மாலை நாலே முக்காலுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

“சார், முனிரத்னம்மா பேசறேன்.” மூச்சு வாங்கியது. “பாதிப் புல்லு வெட்டி வேரோட பிடுங்கியாச்சு. வீட்ல எல்லாரும் சேந்து செய்யறோம். உங்க சாட்டிலைட்டு எப்ப மேல வரும்? அதுக்குள்ள முடிச்சிடறோம்.”

“ஐயோ, நிறுத்துங்கக்கா!” என்று கத்தினேன்.

அவர் ஆசையோடு கேட்டார்:

“ஏன் சார், பாதி பிடுங்கினதே போதுமா?”