திரையில் வந்த துரை

பதுளைச் சந்தைத் திடலில் கூடாரம் போட்டு பயாஸ்கோப் காட்டுகிறார்கள். கொழும்பு நகரத்தின் ஒரு நாள்தான் படம். சிங்களமும் தமிழும் எழுதிய கடைப்பலகைகளுக்குக் கீழே ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. மீன்காரி கூவுகிறாள், சத்தம் இல்லை. அப்போது தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தெருவைக் கடக்கிறார். தரையில் உட்கார்ந்திருந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். அவர்களுடைய நிழலில் கொழும்பே மறைந்துபோகிறது.

"வெறும் படம்தானே, உக்காருங்க," என்கிறேன் பக்கத்தில் நிற்பவரிடம்.

"தெரியுதுங்க. பின்னால எங்க கங்காணி இருக்காரு. உக்காந்திருந்தா நாளைக்கு வேலை குடுக்க மாட்டாரு."

திரும்பிப் பார்க்கிறேன். நாற்காலியை விட்டு எழுந்து, தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கியபடி, கங்காணியும் திரையைப் பார்த்து நிற்கிறார்.