பொய்ச்சாட்சி சொன்ன என் கடைவாய்ப்பல்

1991-ஆம் வருடம், ஆடி மாதம், ஒரு காலையில் நான் சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே கழுத்து பலகையாக இறுகியிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு பல். சபையின் திருவிருந்தில் ஒரே பந்தியில் என்னோடு அப்பம் பிட்கிற உங்களிடம் அதை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் கட்டுத்துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவன். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுவார்களே, அந்தத் துணி. ரத்தம், புண் என்றால் பயமில்லை. பல் டாக்டர் என்றால் மட்டும் தொடை நடுங்கும். 1983-இல் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் என் கழுத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு, கை கழுவத் திரும்பினார். அவர் குழாயை மூடுவதற்குள் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். துண்டு கழுத்திலேயே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, பந்தியில பாதியில எந்திரிச்சு வந்துட்டியளா?" என்றார் கண்டக்டர்.

அந்தத் துண்டை என் மனைவி கிருபை துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். திருப்பிக் கொடுக்கிற நாள் வரும் என்றாள். நான் சிரித்தேன். அப்போது வாய் திறந்தது, சிரித்தேன்.

எட்டு வருடம் கழித்து, சித்திரையில், அதே பல் எழுந்து உட்கார்ந்தது. கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். வலியை எடும் ஆண்டவரே, பல்லை விட்டுவிடும் என்று நிபந்தனை போட்டு ஜெபித்தேன். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வலி பட்டென்று நின்றது. அன்று சபையில் உபவாச ஜெபம். ஆண்டவர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்ததும் நானும் எழுந்து நின்றுவிட்டேன். நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு நாற்பது பேர் காது கொடுத்தால் என்ன ஆகும்? டாக்டர் இல்லை, ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கர்த்தர் தொட்டார், பல் சுகமானது என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. என் சட்டைப்பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிருபை அதை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இது ஆருக்கு வாங்குனது? ஆண்டவருக்கா பல்வலி?"

வலி நின்றது சுகத்தால் அல்ல. உள்ளே நரம்பு செத்துச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அது பிற்பாடு தெரிந்தது. மூன்றாம் வாரம் கன்னம் வீங்கியது. இப்போது டாக்டரிடம் போனால் ஆண்டவருடைய நாமத்துக்கு இழுக்கு என்று கிருபையிடம் சொன்னேன். அதுவும் பொய். இழுக்கு என் பேருக்குத்தான். நாற்காலிப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டியிருந்தேன். இரண்டு ஞாயிறு சபைக்குப் போகாமல் ஒளிந்து கிடந்தேன். கிருபை திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் பல்லிடுக்கில் விட்டாள். அது தாடையில் வழிந்தது.

அந்த ஆடிக் காலையில் அவள் என் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்திருக்க நினைத்தேன். கால் வரவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக நிபந்தனை இல்லாமல் ஜெபித்தேன். வாய் பூட்டிக் கிடந்ததால் மனதுக்குள்தான். ஆண்டவரே, நான் பொய்யன், பயந்தாங்கொள்ளி, தனியாகப் போக என்னால் ஆகாது, யாரையாவது அனுப்பும். அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிறவர், என்னைக் காணோமே என்று விசாரிக்க வந்திருந்தார். என்னைவிட நாலு வயது இளையவர். பல்வரிசை முத்துக் கோத்தது போல இருக்கும். அவர் பிரசங்கத்தைவிட அந்தப் பல்லைத்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி நீட்டினேன்: "நான் சொன்ன சாட்சி பொய். எனக்குப் பல் டாக்டர் என்றால் பயம்."

வாசித்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசையை அப்படியே கழற்றி உள்ளங்கையில் வைத்தார். கண்முன்னே கன்னம் ஒட்டி ஒரு கிழவர் ஆகிவிட்டார். கிருபை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்தான் எல்லாத்தையும் எடுத்தாரு. நானும் ரெண்டு தடவ ஓடப் பாத்தேன். சபைக்கு வெக்கப்பட்டு இத ஒளிச்சு வச்சிருக்கேன்." பாதி காற்றாகத்தான் வந்தது பேச்சு. "எந்திரிங்க. நா கூட வாரேன்."

வாடகைக் காரில் ஐயர் தோளில் சாய்ந்துதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டாக்டர் என்னை நாற்காலியில்கூட ஏற்றவில்லை. பார்த்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார். தாடைக்குக் கீழே வெளியிலிருந்து கீறிச் சீழை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று கிருபையிடம் சொன்னார்கள். தினமும் அந்தப் புண்ணுக்குள் திணித்த துணியை முழம் முழமாக உருவுவார்கள். எங்கள் ஊர்த் தறியில் நெய்த துணியாகத்தான் இருக்கும். கண்ணில் நீர் வடிய அதை எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

பன்னிரண்டாம் நாள் அதே நாற்காலி. கிருபை அந்த வெள்ளைத் துண்டை டாக்டரிடம் நீட்டினாள். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "பல்ல எங்கிட்ட குடுக்காம துண்டக் கொண்டு போன ஆளு நீங்கதானா?" என்று கேட்டு, அதையே என் கழுத்தில் கட்டினார். ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயம் போகவில்லை. அதை உள்ளபடி சொல்லவேண்டும். ஆண்டவர் என் பயத்தை எடுக்கவில்லை, துணைக்கு ஆள் அனுப்பினார். நான் கேட்டதும் அதுதான். பல் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சபையில் நின்று நடந்ததைச் சொன்னேன். வாய் இரண்டு விரலுக்குத்தான் திறந்தது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சபை கலைந்த பிறகு தறிக்காரர் ஒருவர் வந்து, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "அண்ணே, நீங்க கூட வாரியளா?" என்று மெல்லக் கேட்டார்.

அன்றிலிருந்து இதுதான் எனக்கு ஊழியம். உங்களில் யாருக்காவது பயம் இருந்தால், பயம் என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்காதீர்கள். அவர் ஆள் அனுப்புவார். அந்த ஆள் நானாக இருந்தால், பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பிடித்து ஜெபிப்பேன். கண்ணை மட்டும் மூடமாட்டேன். டாக்டர் கை கழுவத் திரும்புகிற நேரம் எனக்குத் தெரியும்.